வேற்றுமை வேறு, பாரபட்சம் வேறு

நல்ல எண்ணத்தோடு சொன்ன ஒரு வார்த்தை ஒரு பெண்ணின் ஆறு வாரங்களைத் தின்றுவிட்டது. அதைச் சொன்னவன் நான். எழுதினால் அந்தப் பிழை கழிந்துவிடும் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அந்த ஆறு வாரங்களுக்குப் பின்னால் ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. அது என் ஒருவனுடைய கேள்வி மாத்திரம் இல்லை என்று தோன்றுவதால் வாசகர்களின் முன் வைக்கிறேன். ஒரே வியாதிக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வைத்தியம் செய்தால் அது நியாயமா?

நான் குடியிருப்பது ஒரகடத்துக்குச் சமீபத்தில். முன்பு ஏரிக்கரையை ஒட்டிய கிராமமாக இருந்த இடம். இப்போது வாசலுக்கு வாசல் வாடகை அறைகள். விடியுமுன் கம்பெனி பஸ்களின் விளக்குகள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் தூங்கும் பகல்கள். இந்தத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு பெண்களுக்கு மார்பில் கட்டி வந்தது.

மூத்தவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, வந்த பணத்தில் மாடி வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டு, கம்பெனி காண்டீன் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இளையவள் விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பத்தொரு வயது, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மூத்தவர் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தாள். வாடகை விஷயத்தில் அவர்களுக்குள் சில சமயம் மனத்தாங்கல் வருவது உண்டு. வியாதி வந்த பிறகு அது இல்லை. ஒருத்திக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க இன்னொருத்தி மாடி ஏறுவாள்; இறங்குவாள்.

மூத்தவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். பிறகு கொஞ்ச நாள் கதிர் வைத்தார்கள். அதற்கப்புறம் தினம் ஒரு மாத்திரை. ஐந்து வருஷமாவது சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இளையவளுக்கோ கட்டியை எடுக்கவே இல்லை. கட்டியை உடம்பிலேயே வைத்துக்கொண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டிற்று. வாயெல்லாம் புண். சோறு கண்டாலே குமட்டல். மூன்றாவது தடவை போய்விட்டு வந்தபோது, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். புஸ்தகம் எழுதுகிற மனிதனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இந்தத் தெருவில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நானும் பெரிதாக மறுத்ததில்லை. இளையவள் ஒரு பரிசோதனைத் தாளை நீட்டினாள். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் எதிரே ‘நெகடிவ்’.

“நெகடிவ்னா இல்லைன்னுதானே அண்ணா அர்த்தம்? அக்காவுக்கு ரெண்டு பாசிடிவ்னு வந்திருக்கு. பாசிடிவ் வந்தவங்களுக்கு ஒரு மாத்திரை. மூணும் நெகடிவ் வந்த எனக்கு இந்த மருந்தா? அவங்களுக்கு வீடு வாசல் இருக்கு. நான் காண்ட்ராக்ட்டு. அங்கேயும் அப்படித்தான் பார்க்கறாங்களா?”

கொரோனாக் காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020லும் 2021லும் கம்பெனி வாசலில் பரிசோதனைச் சீட்டைக் காட்டி உள்ளே போனவர்கள் இந்த வட்டாரத்து ஜனங்கள். நெகடிவ் என்றால் வேலைக்குப் போகலாம். பாசிடிவ் என்றால் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். அந்த இரண்டு ஆங்கில வார்த்தைகளுக்கும் அவர்கள் உயிரைக் கொடுத்து அர்த்தம் கற்றுக்கொண்டார்கள். எனக்கும் வேறு அர்த்தம் தெரியவில்லை.

“நெகடிவ் என்றால் நல்லதுதானே அம்மா” என்றேன்.

அப்போது மூத்தவர் முந்தானையிலிருந்து பாதி அட்டை மாத்திரையை எடுத்தார். “ஒரே வியாதிதானே தம்பி? நான் சாப்பிடறதையே இவளும் சாப்பிடட்டுமே. என்கிட்ட நிறைய இருக்கு” என்றார். அவருடைய குரலில் இருந்த பரிவைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது. “ஒன்றும் கெடுதல் இருக்காது” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு தவணை மருந்தை அந்தப் பெண் தவறவிட்டாள். ஆறு வாரம்! மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் டெலிபோனில் கூப்பிட்டுக் கண்டித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அவளை வரவழைத்து அரை மணி நேரம் எதிரில் உட்கார வைத்துப் பேசியவரும் அந்த நர்ஸ்தான். முதல் நாளே யாராவது செலவிட்டிருக்க வேண்டிய அரை மணி நேரம் அது.

நர்ஸ் சொன்னதை அந்தப் பெண் என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னாள்: “அக்காவோட கட்டி ஈ.பி. லைன்ல ஓடுதாம் அண்ணா. மாத்திரை ஃபியூஸைப் பிடுங்கிடுமாம். என் கட்டிக்கு லைனே கிடையாதாம், சொந்த ஜெனரேட்டராம். லைன் இல்லாத வீட்டுல ஃபியூஸைப் பிடுங்கி என்ன பிரயோஜனம், ஜெனரேட்டரையேதான் உடைக்கணும்னாங்க.” பிறகு சிரித்துக்கொண்டே, “இதுலயும் எனக்கு இல்லைதான்” என்றாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். விஞ்ஞானம் கற்றவனல்ல நான், கதை எழுதுகிறவன். ஆனாலும் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன்.

இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். நாம் அதை ஒரே பெயரால் அழைக்கிறோம். வந்த இடம் ஒன்று என்பதால் வைத்த பெயர் அது. வயிற்றுவலி என்று ஒரு பெயர் சொல்கிறோமே, அது பசியாலும் வரலாம், புண்ணாலும் வரலாம் அல்லவா? அதுபோலத்தான். சில கட்டிகளின் அணுக்களில், பெண் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஏற்பிகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். அந்தச் சுரப்பின் பலத்தில் கட்டி வளர்கிறது. மேல்நாடுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு இந்த வகைதான். அந்த இடங்களை அடைக்கவோ, சுரப்பையே குறைக்கவோ மாத்திரைகள் இருக்கின்றன. இன்னொரு வகையில் ஹெர்-2 என்கிற புரதம் அணுவின் மேல் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அதை மாத்திரம் குறிபார்த்துப் போய் ஒட்டுகிற மருந்து உண்டு. மூன்றாவது வகையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் இல்லை, ஹெர்-2 பெருக்கமும் இல்லை. தாளில் எழுதியிருந்த மூன்று நெகடிவும் இவைதான். வியாதி இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. பிடித்து இழுக்க மூன்று கைப்பிடிகளில் ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்கிறது. மேல்நாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வருகிற இந்த வகை, இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை காணப்படுகிறது. இளம் வயதுப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

கட்டியை எடுக்காமல் மருந்து ஏற்றியதற்கும் காரணம் இருந்தது. கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து கொடுத்தால், அது சுருங்குகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். இந்த வகைக் கட்டி சில பெண்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே அடையாளம் இல்லாமல் கரைந்துபோவதும் உண்டு. அலட்சியம் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் அதிகமான கவனிப்பு.

இந்த வேற்றுமையை வைத்தியர்கள் அறிந்துகொண்ட கதையில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது. 1896ல் கிளாஸ்கோ நகரத்து ஜார்ஜ் பீட்ஸன் என்கிற வைத்தியர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்குக் கருப்பையை அடுத்த சூலகங்களை எடுத்துவிட்டால் கட்டி வாடுகிறது என்று எழுதினார். மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். மூவரில் ஒருவருக்குப் பலன் இருந்தது. மற்ற இருவருக்கு இல்லை. ஏன் இல்லை? சுமார் அறுபது வருஷம் யாருக்கும் தெரியாது. தெரியாத காலத்தில் நாம் அதற்கு என்ன பெயர் வைப்போம்? அதிர்ஷ்டம் என்போம், விதி என்போம், போன ஜன்மத்துப் பாவம் என்போம். 1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்கிற விஞ்ஞானி அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிறகு, விதி என்று நினைத்தது அணுவின் அமைப்பு என்று தெரிந்தது. 1960களில் கருத்தடைக்காகச் செய்து பார்த்து, அதற்கு உதவாமல் போன டமாக்ஸிஃபென் என்கிற மருந்து, 1973ல் இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. மூத்தவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்தது அந்த மாத்திரைதான்.

எல்லோருக்கும் ஒரே வைத்தியம் செய்த காலமும் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்கிற பெரிய சர்ஜன் ஒரு முறையை ஏற்படுத்தினார். மார்பு, அதற்கு அடியில் உள்ள தசை, அக்குளில் உள்ள நெறிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவது. கட்டி சிறிதோ பெரிதோ, எந்த வகையோ, ராணியோ கூலிக்காரியோ, ஒரே கத்தி. முக்கால் நூற்றாண்டு அது நடந்தது. பெர்னார்ட் ஃபிஷர் என்கிற அமெரிக்க வைத்தியர் 1971 தொடங்கி நடத்திய சோதனைகளில், அத்தனை அறுக்க வேண்டியதில்லை என்று ருசுவாயிற்று. சிறிய கட்டியானால் கட்டியை மாத்திரம் எடுத்துக் கதிர் வைத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 1985ல் முடிவு வெளியிட்டார்கள். அந்த முக்கால் நூற்றாண்டில் சமத்துவத்துக்குக் குறைவே இல்லை. அது நியாயமாக இருந்ததா என்று மேலே தூக்க முடியாத கைகளோடு வாழ்ந்து மறைந்த பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

இதை இப்படியே முடித்துவிட்டால், “பார், அறியாத பெண் வீணாகச் சந்தேகப்பட்டாள், படித்தவர்கள் விளக்கினார்கள், தெளிந்தாள்” என்று ஒரு நீதிக் கதை கிடைக்கும். அந்த நீதி எனக்குச் சம்மதமில்லை. அவள் சந்தேகப்பட்டதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

அவள் வேலை செய்கிற லைனில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே திருகாணியை முடுக்குகிறார்கள். ஒரே மணிக்கு வந்து ஒரே மணிக்குப் போகிறார்கள். ஒருவர் நிரந்தரம், ஒருவர் காண்ட்ராக்ட். மாதக் கடைசியில் இருவர் கையிலும் வருகிற தொகை வேறு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்த டீக்கடையில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ‘ஒரே வேலை, வேறு கூலி, ஆகையால் அநியாயம்’ என்று வாழ்க்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பாடம் சரியான பாடம். அதையே அவள் மருத்துவமனைக்கும் எடுத்துக்கொண்டு போனாள்: ‘ஒரே வியாதி, வேறு மருந்து, ஆகையால் அநியாயம்.’ முடிவுக்கு வந்த வழி சரி. ‘ஒரே வியாதி’ என்கிற முதல் வார்த்தை மாத்திரம் தப்பு. அது தப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானோ அதைச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதுமட்டுமல்ல. அவள் பயந்த அநியாயம் இந்த வியாதியிலேயே நடந்தும் இருக்கிறது. ஹெர்-2 வகைக்கான டிராஸ்டுசுமாப் என்கிற மருந்து 1998ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன் கொடியதென்று பேர் வாங்கியிருந்த வகையின் தலையெழுத்தையே அது மாற்றிற்று. ஆனால் நம் நாட்டில் ஒரு குப்பியின் விலை லட்ச ரூபாயைத் தொட்டு நின்ற காலம் உண்டு. ஒரு வருஷம் வரையில், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டிய மருந்து! 2013ல் ரோஷ் கம்பெனி இந்தியாவில் அதன் பேட்டண்டைக் கைவிட்டது. 2014ல் பெங்களூரின் பயோகான் கம்பெனி அதே போன்ற மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு கம்பெனிகளும் வரவே விலை மேலும் இறங்கியது. 2015ல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் ஒரே வார்டில், ஒரே வகைக் கட்டியோடு, அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அந்த மருந்து கிடைத்து இன்னொருத்திக்குக் கிடைக்காமல் போனால், அதற்கு எந்த அணுவின் அமைப்பும் காரணமில்லை. மடியில் இருந்த பணம்தான் காரணம்.

இங்கேதான் என் கேள்விக்கு நான் வந்து சேர்கிறேன். உடம்பு கேட்பதால் வருகிற வேற்றுமை ஒன்று. பணம் கேட்பதால் வருகிற வேற்றுமை ஒன்று. முதலாவது நியாயம், அதை அழித்து எல்லோருக்கும் ஒன்றாக்கினால்தான் அநியாயம். இரண்டாவது பாரபட்சம். ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவளின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ‘அவளுக்கு அது, எனக்கு இது’ என்பதற்குமேல் அங்கிருந்து எதுவும் தெரிவதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது காரணம் ஒன்றுதான். காரணத்தைச் சொல்லாமல் செய்கிற நியாயம், பெற்றுக்கொள்கிறவருக்கு அநியாயமாகவே போய்ச் சேர்கிறது. ஆகையால், நோயாளிக்குக் காரணம் சொல்வதை ஒரு மரியாதை என்றோ உபசாரம் என்றோ நான் நினைக்கவில்லை. அது மருந்தின் ஒரு பகுதி. அது இல்லாததால் ஆறு வாரம் மருந்தே உள்ளே போகவில்லை, பார்த்தோமே.

“உண்மையைச் சொன்னால் பயந்துவிட மாட்டாளா? மூன்றும் இல்லாத வகை பொல்லாதது என்கிறார்களே” என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பொல்லாததுதான், சீக்கிரம் பரவக்கூடியது, திரும்பி வந்தால் முதல் சில வருஷங்களிலேயே வந்துவிடக்கூடியது. ஆனால் அந்த வருஷங்களைக் கடந்துவிட்டால் அபாயம் வெகுவாகக் குறைந்துபோகிறது. மாத்திரையோடு வாழ்கிற வகையோ சாதுவாக இருந்து, பத்து பதினைந்து வருஷம் கழித்தும் திரும்பக்கூடியது. அதனால்தான் அத்தனை வருஷம் மாத்திரை. இரண்டில் எது பாக்கியம், எது துரதிர்ஷ்டம் என்று தராசு பிடிக்க முடியுமா? பாதி உண்மைதான் மனிதரைப் பயமுறுத்துகிறது. முழு உண்மையில் எப்போதும் கொஞ்சம் நிழல் இருக்கிறது, உட்கார்ந்து இளைப்பாற.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். குரு ரகசியமாக உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் என்பது வைஷ்ணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று அவர் பிரிக்கவில்லை. அந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு, எதையும் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்பதுதான் தர்மம் என்று மனசில் பதிந்துபோயிருந்தது. மூத்தவர் மாத்திரை அட்டையை நீட்டியபோது நான் தலையாட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது யோசித்தால், கோபுரத்தின்மேல் ஏறிச் சொல்ல வேண்டியது எது, ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக வைக்க வேண்டியது எது என்று பார்க்கத் தவறிவிட்டேன் என்று தெரிகிறது. மருத்துவமனையின் வாசல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று வரிப் பரிசோதனை எல்லோருக்கும் நடக்க வேண்டும். அதன் அர்த்தம் எல்லோருக்கும் அவரவர் பாஷையில் சொல்லப்பட வேண்டும். இவை கோபுரத்துச் சமாசாரங்கள். அதற்குமேல் எந்த மருந்து, எத்தனை நாள் என்பது அவரவர் உடம்பைக் கேட்டுச் செய்ய வேண்டியது.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம்முடைய தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தைப் பல வருஷங்கள் சுமந்து, 1954ல் அடையாற்றில் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்க வழிசெய்தார். அன்பு அவரிடமும் இருந்தது. என்னிடமும் மூத்தவரிடமும் இருந்தது. அவருடைய அன்பு கற்றுக்கொண்டது. எங்களுடைய அன்பு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தது.

இளையவளுக்கு மருந்து எல்லாம் ஏற்றி முடிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. முடி முளைத்திருக்கிறது, முன்பு இல்லாத சுருட்டையாக. வேலைக்குப் போகிறாள். தவறிய ஆறு வாரம் என்ன செய்தது, என்ன செய்யப்போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்குத் தண்டனை.

நேற்று இரவு ஷிஃப்டுக்குப் புறப்படும்போது மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தாள்:

“அக்கா, உங்க மாத்திரையைப் போட்டீங்களா?”